இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய மலை வண்டி: ஆல்டர்னேட்டரை மாற்றுவதா, பிரித்துப் பார்ப்பதா?

கோத்தகிரி மூடுபனி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் கோத்தகிரியில் வசிக்கிறேன். 2012-இல் வாங்கிய டீசல் கார் ஒன்றை இன்றுவரை நானே ஓட்டிவருகிறேன். ஓட்டம் 2,10,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. வாரத்தில் இரண்டு முறை மேட்டுப்பாளையம், மாதத்தில் ஒரு முறை கோயம்புத்தூர், மற்ற நாட்களில் குன்னூரும் அக்கம்பக்கத்து ஊர்களும் என்பதே வண்டியின் வழக்கமான ஓட்டம். இன்ஜினைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

தொல்லை மின்சாரப் பக்கத்தில்தான். மூன்று ஆண்டுகளுக்குள் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். மாலையில் மூடுபனி இறங்கி, முகப்பு விளக்கு, பனி விளக்கு, வைப்பர், கண்ணாடிக்கு வெப்பக் காற்று என்று எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது வண்டியை நிறுத்த நேர்ந்தால் விளக்கு மங்கிப்போகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஓரளவு தெளிகிறது. கடந்த ஒரு மாதமாக டாஷ்போர்டில் உள்ள பேட்டரி விளக்கும் முழுதாக எரியாமல், நீறுபூத்த கங்கு போல மங்கலாகத் தெரிந்து மறைகிறது.

எங்கள் ஊர் மெக்கானிக் ஒருவர், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "டைனமோ தேய்ந்துவிட்டது, புதிதாகப் போட்டுவிடுங்கள்" என்றார். புதியதன் விலை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டுகிறது. அவர் டைனமோ என்று சொன்ன ஆல்டர்னேட்டர், அதாவது இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரியை நிரப்பும் கருவி, ஒரு காரில் பொதுவாக எத்தனை கிலோமீட்டர் உழைக்கும்? இந்த வயதில் உள்ள வண்டிக்கு முழுதாக மாற்றுவதுதான் முறையா, அல்லது உள்ளே தேய்ந்த பாகங்களை மட்டும் மாற்றினால் போதுமா? அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சுருள்கம்பி

வணக்கம் நண்பரே. மேட்டுப்பாளையத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை வைத்திருந்தவன் நான். இப்போது மகன் பார்த்துக்கொள்கிறான். உங்கள் கேள்விக்கு வருவதற்கு முன் ஒரு வேண்டுகோள். ஓடும் இன்ஜினில் பேட்டரி முனையைக் கழற்றும் அந்தச் சோதனையை இனி யாரையும் செய்ய விடாதீர்கள். அது பழைய டைனமோ காலத்து வழக்கம். ஆல்டர்னேட்டரில் பேட்டரிதான் மின்னழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் மெத்தை போன்றது. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதைத் திடீரென்று விலக்கினால், மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் சுதாரிப்பதற்குள் மின்னழுத்தம் பல பத்து வோல்ட் அளவுக்குத் துள்ளி எழும். அதில் டயோடும் போகலாம், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள, இன்ஜினை இயக்கும் கணினியான இசியூவும் போகலாம். நல்ல நிலையில் இருந்த ஆல்டர்னேட்டர்களை இந்தச் சோதனையே கெடுத்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எங்கள் தொழிலில் எல்லோரும் இன்றும் டைனமோ என்றுதான் சொல்கிறோம். ஆனால் பொருள் வேறு. பழைய டைனமோவில் உற்பத்தியாகும் மின்சாரம் முழுவதும் பிரஷ் (சுழலும் பகுதியை உரசி நிற்கும் கார்பன் துண்டு) வழியாக வெளியே வந்தது. இன்ஜின் மெதுவாக ஓடும்போது சார்ஜே ஏறாது, பேட்டரியோடு இணைக்கும் கட்-அவுட் விலகி நிற்கும். ஆல்டர்னேட்டரில் சுழலும் பகுதிக்குக் காந்தம் ஊட்டுகிற சில ஆம்பியர் மட்டுமே பிரஷ் வழியாகப் போகிறது. பெரிய மின்னோட்டம் அசையாமல் இருக்கும் ஸ்டேட்டர் சுருளில் பிறந்து, டயோடு பிளேட்டில் நேர்மின்னோட்டமாக மாறி, பேட்டரிக்கு வருகிறது. அதனால்தான் அதன் பிரஷ் லட்சக்கணக்கான கிலோமீட்டர் தாங்குகிறது.

ஆயுளைப் பொறுத்தவரை ஒன்றேகால் லட்சம் முதல் இரண்டரை லட்சம் கிலோமீட்டர் என்று பொதுவாகச் சொல்வார்கள். மலை வண்டிக்கு இந்தக் கணக்கை நான் நம்புவதில்லை. பிரஷும் பேரிங்கும் தேய்வது சாலையின் நீளத்தால் அல்ல, சுற்றின் எண்ணிக்கையால். சமவெளியில் ஐந்தாம் கியரில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியின் இன்ஜின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுழல்வதாகக் கொள்வோம். ஒரு கிலோமீட்டரைக் கடக்க 1,500 சுற்று போதும். அதே வண்டி கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டாம் கியரில் 25 கிலோமீட்டர் வேகத்தில், 1,900 சுற்றில் ஏறினால், ஒரு கிலோமீட்டருக்கு 4,500 சுற்றுக்கு மேல் ஆகிறது. ஆல்டர்னேட்டரின் புல்லி இன்ஜின் புல்லியைவிடச் சிறியது என்பதால் அதன் சுழற்சி இதைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. இறங்கும்போதும் அதே கியரில்தான் இறங்குகிறோம். ஆகவே மலைப்பாதையில் ஓடிய ஒரு லட்சம், அந்த உறுப்பைப் பொறுத்தவரை சமவெளியின் ஏறக்குறைய மூன்று லட்சத்துக்குச் சமம். உங்களுடைய 2,10,000-இல் பாதி மலையில் ஓடியது என்றாலும், பிரஷ் இந்நேரம் கடைசிக் கட்டத்தில் இருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

ஆனால் பிரஷ் தேய்வது வேறு, ஆல்டர்னேட்டர் கெடுவது வேறு. எதையும் வாங்குவதற்கு முன் ஒரு சாதாரண மல்டி மீட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பேட்டரி முனைகளில் ஏறக்குறைய 12.6 வோல்ட் இருக்க வேண்டும், 12.2 என்றால் பாதிதான் நிரம்பியிருக்கிறது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். அடுத்து, எல்லா விளக்குகளையும் வெப்பக் காற்றையும் போட்டு, இன்ஜினை 2,000 சுற்றில் வைத்து, முதலில் பேட்டரி முனைகளில் பாருங்கள். பிறகு ஆல்டர்னேட்டரின் தடித்த கம்பி இணையும் போல்ட்டிலும் அதன் உடலிலும் வைத்துப் பாருங்கள். இந்த இரண்டு அளவுகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் மிக முக்கியம். பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

அதன் பிறகு மீட்டரை மாறுமின்னோட்ட அளவுக்கு மாற்றி பேட்டரி முனைகளில் வையுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் டயோடு ஒன்றாவது போயிருக்கிறது. மிக மலிவான சில மீட்டர்கள் இந்த நிலையில் 28 வோல்ட் என்று பொய் சொல்லும். பயப்பட வேண்டாம், அது மீட்டரின் குறை. மீட்டரே தேவைப்படாத ஒரு சோதனையும் உண்டு. இரவு முழுவதும் நின்ற வண்டியின் பானெட்டைக் காலையில் திறந்து, ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பாருங்கள். உங்கள் ஊர்க் குளிரில் மற்ற இரும்பெல்லாம் ஜில்லென்று இருக்க, அது மட்டும் வெதுவெதுப்பாக இருந்தால், பழுதான டயோடு வழியாகப் பேட்டரி இரவெல்லாம் வடிந்திருக்கிறது என்று பொருள்.

முப்பத்தாறு வளைவு

பெரியவர் சொன்ன சோதனைகள் அனைத்தும் சரியானவை. ஆனால் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நான் உதகையில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். என் கணக்கில், இரண்டு லட்சத்தைத் தொட்ட வண்டியில் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருப்பதைவிட மாற்றிவிடுவதே மேல்.

காரணம் சொல்கிறேன். ஒருமுறை மைசூரிலிருந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தேன். இரவு 9 மணிக்குப் பந்திப்பூர் வழியை அடைத்துவிடுவார்கள் என்பதால் கடைசி நேரத்தில் விரைந்து கடந்தோம். தெப்பக்காட்டை நெருங்கும்போது பேட்டரி விளக்கு எரிந்தது. காட்டுக்குள் வண்டியை நிறுத்தி இறங்க முடியாது. நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது என்பதும் தெரியும். பேட்டரியை மட்டும் நம்பி, கண்ணாடியைச் சூடாக்கும் கம்பியையும் பாட்டையும் அணைத்து, செல்போன் சார்ஜரைப் பிடுங்கி, முகப்பு விளக்கை மட்டும் வைத்துக்கொண்டு மசினகுடி வரை வந்து சேர்ந்தேன். உதகைக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவுகளையும் அந்த நிலையில் ஏறும் துணிவு எனக்கு வரவில்லை. பயணிகளை அங்கேயே தங்கவைக்க நேர்ந்தது. அந்த ஓர் இரவில் எனக்கு ஏற்பட்ட செலவும் கெட்ட பெயரும் ஒரு புதிய ஆல்டர்னேட்டரின் விலையைவிட அதிகம்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொள்வது எளிது. 50 ஆம்பியர்-மணி கொள்ளளவு உள்ள பேட்டரி புதிதாகவும் முழுதாக நிரம்பியும் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். முகப்பு விளக்கு, வைப்பர், காற்று விசிறி, இன்ஜினுக்கு வேண்டிய மின்சாரம் எல்லாம் சேர்ந்து 25 முதல் 30 ஆம்பியர் வரை இழுக்கும். முழுதும் வடிவதற்கு வெகு முன்பாகவே மின்னழுத்தம் இறங்கி இன்ஜின் நின்றுவிடும் என்பதால், ஒரு மணி நேரம் கிடைத்தாலே அதிர்ஷ்டம். உறைபனி விழும் மார்கழி இரவில் பேட்டரியின் கொள்ளளவே ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்துவிடுகிறது. பகலில், விளக்கு இல்லாமல் என்றால் இன்னும் தொலைவு போகலாம்.

நான் இப்போது கடைப்பிடிக்கும் முறை இதுதான்: இரண்டு லட்சத்தை நெருங்கும்போது புதியதை மாட்டிவிடுவேன்; கழற்றியதைத் தூக்கி எறியாமல், பிரஷும் பேரிங்கும் மாற்றி வீட்டில் வைத்துக்கொள்வேன். பழையதைக் கொடுத்துவிட்டு, யாருடைய வண்டியிலிருந்தோ கழற்றிச் சாயம் பூசிய ஒன்றை "ரீகண்டிஷன்" என்ற பெயரில் வாங்குவதை மட்டும் செய்யாதீர்கள். அதன் உள்ளே எது புதியது, எது பழையது என்று விற்பவருக்கே தெரியாது.

பச்சை இலை வண்டி

இந்த இழையை மற்ற வண்டிக்காரர்களும் படிப்பார்கள் என்பதால், கேள்வியிலிருந்து சற்றே விலகியது போலத் தோன்றினாலும் ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். தோட்டங்களிலிருந்து தேயிலைத் தொழிற்சாலைக்குப் பச்சை இலை ஏற்றும் பழைய டீசல் பிக்கப் ஒன்று என்னிடம் இருக்கிறது. இது போன்ற பழைய டீசல் ஜீப், பிக்கப் பலவற்றில் பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டருக்குரிய வேக்கம் (வெற்றிட) பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே பொருத்தப்பட்டிருக்கும். ஆகவே அங்கே ஆல்டர்னேட்டர் என்பது விளக்கு எரிவதற்கும் பேட்டரி நிரம்புவதற்குமான பொருள் மட்டும் அல்ல. பெல்ட் அறுந்தால் வேக்கம் நின்றுவிடும். பூஸ்டரில் மிச்சம் இருப்பது இரண்டு மூன்று மிதிகளுக்குத்தான் வரும். அதன் பிறகு பெடல் கல்லாக இறுகிவிடும். இரண்டு டன் எடையோடு பர்லியாறு பக்கம் இறங்கும்போது இது நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இந்த வகையில் ஆல்டர்னேட்டர் கெடுவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது கிலோமீட்டர் அல்ல, எண்ணெய். வேக்கம் பம்புக்கு இன்ஜின் ஆயில் போகிறது. அங்குள்ள ஆயில் சீல் இறுகி வெடித்தால், எண்ணெய் உள்ளே கசிந்து பிரஷையும் அது உரசும் வளையமான சிலிப் ரிங்கையும் நனைத்துவிடுகிறது. கார்பன் தூளும் எண்ணெயும் சேர்ந்த கருமையான களிம்பு அப்பிக்கொண்டால் எந்தப் புதிய பிரஷும் நீடிக்காது. பிரஷ் மாற்றக் கழற்றும்போதே சீலையும் மாற்றிவிடுங்கள். மறுபடி மாட்டியவுடன் ஆயில் குழாயில் எண்ணெய் வருகிறதா என்று பார்க்காமல் இன்ஜினை ஓட்டாதீர்கள்.

பெல்ட்டைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் பக்கம் ஈரமான காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் பெல்ட் கீச்சிடுவதை எல்லோரும் பழகிப்போன ஒன்றாக எடுத்துக்கொள்கிறோம். பெல்ட்டின் உட்புறம் கண்ணாடி போலப் பளபளத்தால் அது வழுக்குகிறது என்று அறிக. வழுக்கும் பெல்ட் முழு மின்சாரத்தைத் தராது. பல வண்டிகளில் அதே பெல்ட்தான் தண்ணீர் பம்பையும் சுழற்றுகிறது. பேட்டரி விளக்கு எரிந்து, கூடவே வெப்பமானி முள்ளும் ஏறினால், முந்தைய பதிவில் நண்பர் செய்தது போல ஓட்டிக்கொண்டே போகக் கூடாது. உடனே ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும்.

கோத்தகிரி மூடுபனி

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. மல்டி மீட்டர் ஒன்றை இரவல் வாங்கி, ஐயா சொன்ன வரிசையிலேயே அளந்தேன். காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பேட்டரியில் 12.3 வோல்ட். ஆல்டர்னேட்டரைத் தொட்டுப் பார்த்தேன்; நன்றாகக் குளிர்ந்திருந்தது. எந்தச் சுமையும் இல்லாமல் இன்ஜின் ஓடும்போது 14.0. எல்லாவற்றையும் போட்டு 2,000 சுற்றில் வைத்தபோது பேட்டரி முனைகளில் 13.2 மட்டுமே, அதே நேரத்தில் ஆல்டர்னேட்டரிலேயே அளந்தால் 14.0 இருந்தது. மாறுமின்னோட்ட அளவில் 0.1-க்கும் கீழே. பேட்டரி விளக்கு சுமை போட்டு இன்ஜினை மெதுவாக ஓடவிடும்போது மட்டும் மங்கலாகத் தெரிகிறது. பெல்ட் சென்ற ஆண்டு மாற்றியது.

சுருள்கம்பி

அருமையாக அளந்திருக்கிறீர்கள். இந்த எண்களே பாதி வேலையை முடித்துவிட்டன.

டயோடு நன்றாக இருக்கிறது. ஸ்டேட்டர் சுருளும் நன்றாக இருக்கிறது. ஆல்டர்னேட்டர் 14.0 தருகிறது, அதில் 0.8 வோல்ட் வழியில் தொலைகிறது. எங்கே தொலைகிறது என்பதையும் அதே மீட்டரில் பார்த்துவிடலாம். அதே சுமையில், அதே சுற்றில், ஒரு முனையை ஆல்டர்னேட்டர் போல்ட்டிலும் மறு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவிலும் வையுங்கள். பிறகு ஆல்டர்னேட்டரின் உடலிலும் பேட்டரியின் நெகட்டிவிலும் வையுங்கள். இரண்டாவது அளவு 0.2-க்கு மேல் வந்தால், இன்ஜினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டைதான் குற்றவாளி. வருடத்தில் பாதி நாள் ஈரத்திலேயே நிற்கும் மலை வண்டியில் அந்தப் பின்னல் பட்டை உள்ளுக்குள் பச்சை பூத்து, வெளியே முழுதாகத் தெரிந்தாலும் உள்ளே பாதி இழைகள் அற்றுப்போயிருப்பது வழக்கம்.

உங்கள் பேட்டரிகள் ஏன் சீக்கிரம் செத்தன என்பதற்கும் இதுவே விடை என நினைக்கிறேன். குளிரில் பேட்டரி சார்ஜை மெதுவாகத்தான் வாங்கும். அதற்குச் சற்று உயர்ந்த மின்னழுத்தம் வேண்டும். உங்கள் வண்டியிலோ பனிமாலைகளில் 13.2-தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. நாளெல்லாம் அரைவயிற்றோடு கிடக்கும் பேட்டரியின் ஈயத் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும். நீங்கள் இரண்டு முறை மாற்றியது நோயை அல்ல, நோயாளியை.

இனி பேட்டரி விளக்கு. அது மெதுவான ஓட்டத்தில் மட்டும் கங்கு போல எரிவது, பிரஷ் சிலிப் ரிங்கைச் சரியாக அழுத்தவில்லை என்பதன் அடையாளமாக இருக்கக் கூடும். எர்த் பட்டையை மாற்றிய பின்னும் விளக்கு தெரிந்தால், கழற்றிப் பிரஷைப் பாருங்கள். பிடியிலிருந்து வெளியே நீண்டிருப்பது 5 மில்லிமீட்டருக்குக் கீழே என்றால் மாற்றியே ஆக வேண்டும். பல ஆல்டர்னேட்டர்களில் பிரஷும் ரெகுலேட்டரும் ஒரே தொகுதியாக வருகின்றன. பின்பக்கத்தில் இரண்டு மூன்று திருகாணிகளைக் கழற்றினால் வந்துவிடும். சிலிப் ரிங்கில் விரல் நகம் இடறும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் லேத்தில் லேசாகச் சீவ வேண்டும். மிகவும் தேய்ந்திருந்தால் ரிங்கையே மாற்றலாம். பேரிங்கின் மேல் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து, அதே எண்ணில் நல்ல தயாரிப்பாக வாங்குங்கள். கழற்றிய பின் பழைய பேரிங்கை மறுபடி போடுவது பொய்யான சிக்கனம்.

புல்லியையும் சோதியுங்கள். உங்களுடையது போன்ற டீசல் கார்கள் பலவற்றில், ஒரு திசையில் மட்டும் பிடித்து மறு திசையில் தானே சுழலும் கிளட்ச் புல்லி இருக்கும். உள்ளே சுழலும் ரோட்டரைப் பிடித்துக்கொண்டு புல்லியைத் திருப்பினால் ஒரு பக்கம் இறுகவும் மறு பக்கம் வழுகவும் வேண்டும். இரண்டு பக்கமும் இறுகினால் பெல்ட் துடித்து, சீக்கிரம் அறுந்துபோகும். இதைக் கழற்றத் தனி ஸ்பேனர் வேண்டும்; சுத்தியலும் உளியும் வைத்திருப்பவரிடம் கொடுக்காதீர்கள்.

உதகை நண்பர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஸ்டேட்டர் சுருளின் வார்னிஷ் கருகி நாற்றமடித்தாலோ, பேரிங் உட்காரும் கூடு தளர்ந்துபோயிருந்தாலோ, நானும் புதியதையே வாங்கச் சொல்வேன். கருகிய சுருளைக் கையால் புதிதாகச் சுற்றிக் கட்டி ஓட்டிய காலம் ஒன்று இருந்தது. இப்போதைய நெருக்கமான சுற்றுகளைக் கையால் அதே தரத்தில் கட்டுபவர்கள் அரிது. பி.எஸ். 6 என்ற புகை விதிப்படி வந்த புதிய வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் இந்த எண்களை அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். அவற்றில் பலவற்றில் சார்ஜை இசியூ கூட்டிக் குறைப்பதால், எந்தப் பழுதும் இல்லாமலேயே 12.8 காட்டும் நேரம் உண்டு.

கோத்தகிரி மூடுபனி

பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன். எர்த் பக்கத்தில் 0.6 வோல்ட்டும், பாசிட்டிவ் பக்கத்தில் 0.2 வோல்ட்டும் தொலைவது தெரிந்தது. எர்த் பட்டையைக் கழற்றியபோது அது போல்ட்டின் அருகே கையோடு வந்துவிட்டது. புதியது மாற்றி, இணையும் இடங்களை உப்புத்தாளால் தேய்த்துச் சுத்தம் செய்தபின், எல்லாச் சுமையோடும் பேட்டரியில் 13.8 நிற்கிறது.

விளக்கு மட்டும் அப்போதும் மங்கலாகத் தெரிந்ததால், கோயம்புத்தூரில் ஓர் எலக்ட்ரீஷியனிடம் என் கண்ணெதிரே பிரிக்கச் சொன்னேன். ஒரு பிரஷ் 7 மில்லிமீட்டர் இருந்தது, மற்றது 3-தான். பிரஷ் தொகுதி, இரண்டு பேரிங், கூலி எல்லாம் சேர்த்து, புதியதன் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. மாட்டுவதற்கு முன் பேட்டரியைத் தனியாக ஓர் இரவு முழுவதும் சார்ஜரில் போட்டு நிரப்பிவிட வேண்டும், வெறும் பேட்டரியை நிரப்பும் வேலையை முதல் நாளிலேயே ஆல்டர்னேட்டரின் தலையில் கட்டக் கூடாது என்று அவர் சொன்னதையும் இங்கே பதிவு செய்கிறேன். நேற்று மாலை கடும் மூடுபனியில் கட்டபெட்டு வரை போய்வந்தேன். விளக்கு மங்கவில்லை, கங்கும் தெரியவில்லை.

முப்பத்தாறு வளைவு

மகிழ்ச்சி நண்பரே. சொந்த வண்டிக்கு நீங்கள் செய்ததுதான் சரி என்பதை ஒப்புக்கொள்கிறேன். வாடகை வண்டிக்கு மட்டும் என் முறையை மாற்றிக்கொள்வதாக இல்லை. ஆனால் இதைப் படித்த பிறகு என் வண்டியின் எர்த் பட்டையைக் குனிந்து பார்த்தேன். பச்சை பூத்திருக்கிறது. நாளை காலை முதல் வேலை அதுதான்.